சின்னவாய் பாஸுக்கு ஒரு காலிக் கட்டம்

“இல்லை” என்று சொல்வதே வேலையாக எட்டு வருஷம் இருந்தவன் நான். ரேஷன் கடையில் நின்று “சர்க்கரை இன்னும் வரவில்லை” என்று சொல்லி ஏச்சு வாங்கியவர்கள், ஜாதகத்தைப் பார்த்துவிட்டு “பொருத்தம் இல்லை” என்று பெண் வீட்டார் முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள், பரீட்சை முடிவு ஒட்டிய பலகைக்குப் பக்கத்தில் நின்ற வாத்தியார்கள், எல்லோரும் என் கட்சி. ஒரே வித்தியாசம், என் மேஜைக்கு வந்தவர்கள் செய்தித்தாளில் சுற்றிய மீனோடு வந்தார்கள்.

அறுபதுகளின் கடைசியில் ஜெர்மனியின் எசன் நகரத்தில் ஆற்றங்கரையோரம் இருந்த ஒரு சின்ன மீன் ஆய்வுக்கூடத்துக்கு ஆராய்ச்சி மாணவனாகப் போனேன். மரத்துக்கு வளையம் இருப்பதுபோல மீன் செதிலிலும் வளையம் உண்டு. நுண்ணோக்கியில் அதை எண்ணி மீனின் வயசைச் சொல்வது என் படிப்பு. பட்டம் வாங்கிய பிறகும் அங்கேயே ஒட்டிக்கொண்டேன். புதன்கிழமை மதியம் இரண்டிலிருந்து நாலு மணி வரை ஊர்க்காரர்கள் தாங்கள் பிடித்த மீனைக் கொண்டுவந்து காட்டலாம். என்ன மீன், என்ன வயசு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வேறு யாரும் அந்த வேலைக்குச் சிக்காததால் பேராசிரியர் அதை என் தலையில் கட்டினார்.

பக்கத்தில் பழைய கல்குவாரி ஒன்று தண்ணீர் நிறைந்து குளமாகிக் கிடந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்திருந்த தூண்டில் சங்கத்தின் சுவரில் ஒரு சாதனைப் பட்டியல் தொங்கும். எந்த மீன், என்ன எடை, யார் பிடித்தது என்று கட்டம் கட்டமாக எழுதியிருப்பார்கள். ஒன்றைத் தவிர எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. அந்த ஒன்று, சின்னவாய் பாஸ் என்ற அமெரிக்க மீனுக்கு உரியது. போன நூற்றாண்டில் யாரோ கப்பலில் கொண்டுவந்து அந்தப் பக்கத்துக் குளங்களில் விட்டதாகப் பேச்சு. அதற்குப் பிறகு கண்ணால் பார்த்தவர் இல்லை. மற்ற மீன்களில் சாதனை செய்ய வேண்டுமானால் ஆளையே இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒன்று மாட்ட வேண்டும். இதில் விரல் நீளத்துக்கு ஒன்று சிக்கினாலே போதும், ஆயுசுக்கும் பெயர் சுவரில் இருக்கும். அந்த ஆசையில் சங்கமே பைத்தியம் பிடித்து அலைந்தது.

முதுகில் எத்தனை துடுப்பு

நான் உட்கார்ந்த முதல் புதன்கிழமையே ரூடி லோமான் வந்துவிட்டார். இருபத்தாறு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்து, நெஞ்சில் தூசி படிந்து, ஐம்பது வயசிலேயே ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்டவர். நல்ல உயரம். நாலு வார்த்தைக்கு ஒரு தரம் இருமுவார். “இத்தனை வருஷம் பூமிக்கு அடியில இருந்தேன். எங்கயாவது என் பேரை எழுதி வெச்சிருக்காங்களா? அந்தக் கட்டத்துல எழுதணும், தம்பி” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவருடைய சுரங்கத்து ஜெர்மனை நம் பேச்சில் போட்டால் அப்படித்தான் வரும்.

பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே பார்ஷ். அந்த நாட்டில் எந்தக் குட்டையில் தூண்டிலைப் போட்டாலும் வருகிற மீன். பார்ஷுக்கு முதுகில் துடுப்பு இரண்டாகப் பிரிந்திருக்கும், சின்னவாய் பாஸுக்கு ஒன்றாகச் சேர்ந்திருக்கும் என்று படம் போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார். அடுத்த புதன் இன்னொரு பார்ஷ். இதற்குத் துடுப்புகளுக்கு நடுவே இடைவெளி ஒரு நூல் குறைவு. நான் உதட்டைப் பிதுக்கினேன். அவர் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சரி, பார்ஷ்தான். ஆனா போன வாரத்து மீன் அளவுக்கு பார்ஷ் இல்லையே?”

தையல்காரரின் மீன்

அதே சங்கத்தில் ஒரு தையல்காரர் இருந்தார். மூக்கின் நுனியில் கண்ணாடி, எப்போதும் சிரித்த முகம். ஒருநாள் மீனைத் தட்டில் வைத்து, மேலே ஈரத்துணி போர்த்தி, கல்யாணத் தாம்பாளம்போல ஏந்திக்கொண்டு வந்தார். முதுகுத் துடுப்பு ஒன்றாக இருந்தது! பேராசிரியரைக் கூப்பிடலாம் என்று எழுந்தவன், எதற்கும் இருக்கட்டும் என்று லென்ஸை வைத்துப் பார்த்தேன். இரண்டு துடுப்புக்கும் நடுவே மெல்லிய சவ்வு வைத்து, பச்சை நூலால், முடி கனத்தில் தைத்திருந்தார். கோபமாக நிமிர்ந்து பார்த்தேன். மனிதர் அசையவே இல்லை. “மீனை விடுங்க, டாக்டர். தையல் எப்படி?”

இல்லாத மீனுக்கு விதி

ஜெர்மனியில் எந்த மீனையும் சும்மா பிடித்துவிட முடியாது. இந்த மீன் இத்தனை சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் திரும்பத் தண்ணீரில் விட வேண்டும், இந்த மாதத்திலிருந்து அந்த மாதம் வரை தொடவே கூடாது என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. லோமான் ஒழுங்கான மனிதர். சின்னவாய் பாஸுக்கு என்ன நீளம், எந்த மாதம் தடை என்று கேட்டு அதிகாரிகளுக்கு முறையாகக் கடிதம் எழுதினார். நாளைக்கு மீன் மாட்டிய பிறகு விதி மீறல் என்று யாராவது குறுக்கே வந்து நின்றால்?

இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேசிய அதிகாரி விதிப் பட்டியலை மூன்று முறை புரட்டிப் பார்த்ததாகவும் அப்படி ஒரு மீன் அதில் இல்லை என்றும் வருத்தப்பட்டார். அது இருக்க வாய்ப்பு உண்டா என்று என்னைக் கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். அவர் மிகுந்த மரியாதையோடு சொன்னார்: “அந்த மீன் அகப்பட்டால் முதலில் எங்களுக்கு எழுதச் சொல்லுங்கள். அது இங்கே இருக்கலாமா என்று பார்த்து முடிவு சொல்கிறோம்.”

சேவியரின் ஆராய்ச்சி

டோர்ட்மண்டில் ஓர் இரும்பாலையில் பயிற்சிக்கு வந்திருந்த சேவியர் தூத்துக்குடிக்காரன். மீனில்லாமல் சோறு இறங்காது. புதன்கிழமை என்றால் லீவு போட்டுவிட்டு ரயிலேறி வந்துவிடுவான். ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று விட்டுப்போகிற மீன்களைக் கொண்டுபோய், ஊரிலிருந்து வந்த புளியைக் கரைத்து என் அறையில் குழம்பு வைப்பான். வாசனை தாங்காமல் வீட்டுக்காரம்மா மூன்றாம் மாடி வரை எல்லா ஜன்னலையும் திறந்து வைப்பார்.

லோமான் மனைவி எர்னாவை நான் தெரிந்துகொண்டதும் அவனால்தான். கணவர் உள்ளே என்னிடம் வாதாடும்போது அந்த அம்மாள் நடைவழி நாற்காலியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார். குளக்கரையிலும் அதே வேலைதான். ஃபிளாஸ்க்கில் காபி, மடியில் கம்பளி நூல், பக்கத்தில் இருமுகிற புருஷன். சேவியர் அரைகுறை ஜெர்மனில் அவரிடம் பேச்சுக் கொடுத்து, மொத்தக் கதையையும் வாங்கிக்கொண்டு வந்து எனக்குத் தீர்ப்புச் சொன்னான்: “எலே, இந்த மனுசன் வருசக்கணக்கா ஒரே எடத்துல உக்காந்திருக்காருன்னா, அந்த மீனுக்கு இவரு டைம்டேபிள் மனப்பாடமா ஆயிருக்கும்லா? பின்ன எப்படிலே வரும்?”

ஒரு பிப்ரவரி

ஐந்தாவது வருஷக் குளிர்காலத்தில் லோமான் ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெளியே வந்த முதல் புதனே என்னிடம் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கொண்டுவந்த மீன் பனிக்கட்டியில் உறைந்து, முதுகெல்லாம் கிழிந்து, துடுப்பு ஒன்றா இரண்டா என்று பார்க்கவே முடியாமல் இருந்தது. அது என்ன மீன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் “சந்தேகத்துக்கு உரியது” என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. அடுத்த குளிர்காலம் வரை அவர் இருப்பாரோ என்னவோ. பேராசிரியர் அறைக்குப் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “உங்களுக்கு நிஜமாகவே சந்தேகமா?” என்று கேட்டுவிட்டு அவர் தன் காகிதத்துக்குத் திரும்பிவிட்டார்.

மேஜைக்குத் திரும்பி வந்து மீனைப் புரட்டி, வாலுக்கு முன்னால் அடிப்பக்கத் துடுப்பில் முள்ளை எண்ணிக் காட்டினேன். இரண்டு. சின்னவாய் பாஸ் என்றால் மூன்று இருக்க வேண்டும். பார்ஷ்தான் என்று சொன்னேன். லோமான் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மீனைச் செய்தித்தாளில் மறுபடி சுற்றிக்கொண்டே சொன்னார்: “தெரியும் தம்பி. எனக்காக உள்ள போய்க் கேட்டுட்டு வந்தே பாரு, அது போதும்.”

வந்தது

அதற்கு அடுத்த வருஷம் மே மாதம். கதவைத் திறந்துகொண்டு லோமான் வந்தார், பின்னாலேயே எர்னாவும் உள்ளே வந்தார். அந்த அம்மாள் நடைவழியைத் தாண்டி உள்ளே வந்தது அன்றுதான். கையில் பின்னல் இல்லை. ஈரத்துணியைப் பிரித்தேன். வெண்கல நிறம். சிவந்த கண். முதுகில் ஒரே துடுப்பு, நூலும் இல்லை, சவ்வும் இல்லை. அடியில் முள் மூன்று. வாய் கண்ணுக்கு நேர் கீழே வந்து நின்றுவிட்டது. தாண்டியிருந்தால் அது பெரியவாய் பாஸ் என்ற வேறு மீன். செதிலை எடுத்து வளையம் எண்ணினேன், மூன்று வயசு. இருபத்திரண்டு சென்டிமீட்டர். சேவியர் அன்றைக்கு வந்து பார்த்திருந்தால் கருவாட்டுக்குக்கூடச் சேர்த்திருக்க மாட்டான். பேராசிரியர் ஓடிவந்து பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார்.

“ஆமாம், இதுதான்” என்றேன். ஆறு வருஷத்தில் முதல் தடவை அந்த வார்த்தை என் வாயில் வந்தது. லோமான் சிரிப்பார், அழுவார், என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சங்கத்தின் சாதனைப் படிவத்தை எடுத்து நீட்டினேன். குளம், நாள், நீளம், எடை எல்லாவற்றையும் அழகாக எழுதினார். “பிடித்தவர் பெயர், உரிமச்சீட்டு எண்” என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. காலையில் கரையில் இருந்தபோது இருமல் தாங்காமல் மருந்து எடுக்கக் கார் வரைக்கும் போயிருக்கிறார். “இதைக் கொஞ்சம் பிடி” என்று தூண்டில் கம்பை மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஐந்து நிமிஷத்தில் தக்கை முங்கியது. எர்னா பின்னல் ஊசியைக் கீழே போட்டுவிட்டு, கூப்பிட ஆளில்லாமல், தானே இழுத்துக் கரையேற்றிவிட்டார். எர்னாவுக்கு மீன் பிடிக்கும் உரிமச்சீட்டு கிடையாது. அவர் பெயரை எழுதினால் குற்றம், பட்டியலிலும் ஏறாது. புருஷன் பெயரை எழுதினால் கேட்க ஆளில்லை. கரையில் வேறு யாரும் இருக்கவில்லை.

“உன் பேரை எழுது, ரூடி. கம்பு உன்னுதுதானே” என்றார் எர்னா. குரல் கெஞ்சியது. நானும் மனசுக்குள் “எழுதுங்கள், எழுதித் தொலையுங்கள்” என்றுதான் கத்திக்கொண்டிருந்தேன். பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். லோமான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். மனைவி பக்கம் திரும்பினார். “எர்னா, ஆறு வருஷமா இந்தத் தம்பி என்கிட்ட ஒரு தடவைகூடப் பொய் சொல்லல. இவன் முன்னாலயா நான் எழுதுறது?”

எர்னாவின் பரீட்சை

அந்த மீன் எங்கள் அலமாரியில் கண்ணாடி ஜாடிக்குள் போயிற்று, சங்கத்துச் சுவரில் கட்டம் காலியாகவே இருந்தது. எர்னா சும்மா இருக்கவில்லை. புதிதாக உரிமச்சீட்டு வாங்குகிறவர்கள் பரீட்சை எழுத வேண்டும் என்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. பழைய ஆட்களுக்கு அது கிடையாது. லோமான் வாழ்நாளில் எழுதாத பரீட்சைக்கு அவர் மனைவி ஐம்பத்தைந்து வயசில் உட்கார்ந்து படித்தார். மீன் நோய், தண்ணீர், சட்டம் எல்லாம் அதில் உண்டு. சமையலறை மேஜையில் லோமான் கேள்வி கேட்க, எர்னா பின்னிக்கொண்டே பதில் சொல்வாராம். தப்பாகச் சொன்னதைக் கண்டுபிடிக்க லோமானுக்குத்தான் விடை தெரியாது. இருவரும் சண்டை போட்டுக்கொண்டு என்னிடம் தீர்ப்புக்கு வருவார்கள். முதல் தடவையிலேயே தேறிவிட்டார். லோமான் அன்றைக்குப் போட்டிருந்த கோட்டு கல்யாணத்தில் போட்டதாம்.

பிறகு இரண்டு வருஷம் எர்னா கம்பைப் பிடித்தார், லோமான் ஃபிளாஸ்க்கைச் சுமந்தார். இருமல் கூடவே இருந்தது, ஆனாலும் மனிதர் ஒரு புதனையும் விடவில்லை. ஊருக்கே திரும்பிவிடுவது என்று நான் முடிவு செய்த பிறகு, என் கடைசி புதன்கிழமை இருவரும் வந்தார்கள். எர்னா பொட்டலத்தைப் பிரித்தார். நல்ல பெரிய பார்ஷ். நான் லென்ஸை எடுத்தேன். எர்னா என் கையைப் பிடித்து நிறுத்தினார். “பார்ஷ்தான், எனக்கே தெரியும். உங்க வாயால ‘இல்லை’ன்னு கடைசியா ஒரு தடவை கேட்கணும்னு இவருக்குத்தான் ஆசை.”

தூண்டில்காரர்கள் பொய்யர்கள் என்று யாராவது என் முன்னால் சொன்னால், பாதியை ஒத்துக்கொண்டு மீதிப் பாதிக்காக இன்றும் சண்டைக்குப் போகிறேன்.