ஓன் யீயின் பானையும் தா டின்னின் ஊசியும்

எங்கள் பர்மியச் சந்தையில் ஙப்பி என்ற நாறும் மீன் விழுது விற்ற ஓன் யீயின் கணவன் பா சோவுக்குக் கண் மஞ்சளாகி வயிறு உப்பியபோது, ஊர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது. குற்றவாளி அவள் பானையில் இருந்த மீன் விழுது. அதை ஆயுள் முழுக்கத் தின்றவர்களே அவள் கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்தித் துப்பினார்கள். பக்கத்தில் வெற்றிலை விற்ற மியா சேன் தட்டைத் துணியால் மூடிக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதக்கா. கொஞ்சம் தள்ளி உக்காரு."

"நான் தள்ளுனா ஒன் வெத்தல மணக்குமாடி?"

எதிர்ச்சாரியில் தா டின் ஊசி போட்டுக்கொண்டிருந்தான். ஊருக்கு அவன் சயா, அதாவது வைத்தியர்; வைத்தியம் படித்தவனில்லை, எப்போதோ ஒரு டாக்டருக்கு மருந்துப் பெட்டி தூக்கியவன். களைப்பு என்றாலும் சத்து ஊசி ஏறினால்தான் எங்கள் சனத்துக்கு மனசு ஆறும். ஓன் யீயும் புருசனும் மழைக்காலந்தோறும் போட்டுக்கொண்டவர்கள். ஒருவர் தோளில் இறங்கிய ஊசி ஒரு குவளைத் தண்ணீரில் முங்கி எழுந்து அடுத்தவர் தோளுக்குப் போகும். மாலைக்குள் அந்தத் தண்ணீர் வெளிறிய சிவப்பாகிவிடும். மேலே ஈ மிதக்கும். ஊரே பார்த்தது. யாருக்கும் குமட்டவில்லை. குமட்டியதெல்லாம் மீன் விழுதுதான்.

ஓன் யீ புருசனைப் படகிலேற்றி அக்கரைப் பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டரம்மா இருவர் ரத்தத்தையும் சோதித்து, ஈரலைப் படமெடுத்தும் பார்த்தார்.

"என் ஙப்பியாலயாம்மா?"

"இல்ல. அழுக்குத் தண்ணி, சாப்பாட்டுல வர்ற காமாலை வேற. அது பெரும்பாலும் தானே தேறிடும். இது சி வகைக் காமாலை, ரத்தத்துல வர்றது. ஊசி போட்டுக்குவீங்களா?"

"எங்க சயாகிட்ட. ஊருக்கே ஒரே ஊசி."

டாக்டரம்மா இரண்டு சோதனைச் சீட்டுகளையும் மேசையில் வைத்தார். "வருசக்கணக்கா சத்தமில்லாம ஈரலை அரிச்சிருக்கு. அவருக்கு ஈரல்ல புத்துநோய் வந்துடுச்சு. உங்களுக்கும் இருக்கு, ஆனா ஈரல் இன்னும் கெடல. மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டா போயிடும்."

பா சோ அறுவடைக்கு முன்பே செத்துப்போனான். சாவுவீட்டுக்கு வந்தவர்கள் தேநீரைத் தொடவில்லை.

காரியம் முடிந்ததும் ஓன் யீ நேராகத் தா டின் வாசலுக்குப் போனாள். வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அவள் குவளையை எடுத்து அவன் வாயருகே நீட்டினாள்.

"ஒரு மொடக்கு குடி."

"பைத்தியமா ஒனக்கு?"

"சுத்தமான தண்ணின்னுதான சொல்லுவ? என் புருசன் ஒடம்புக்குள்ள ஏத்துனியே, ஒன் வாய்க்கு மட்டும் ஆகாதா?"

அவன் தட்டிவிட்டான். சிவந்த தண்ணீர் வரிசையில் நின்றவர்கள் காலில் தெறித்தது. பதறிப்போய்த் துடைத்துக்கொண்டார்கள், துடைத்தவர்களில் பாதிப்பேர் மறுபடி வரிசையிலேயே நின்றார்கள். "ஙப்பிக்காரி நாறுறா, நகரச் சொல்லு" என்றது ஒரு குரல்.

மாத்திரை முடிந்து ஓன் யீயின் ரத்தத்தில் நோய் இல்லையென்று ஆனது. ஆனாலும் எங்கள் சந்தையில் அவளிடம் யாரும் வாங்கவில்லை. படகில் அக்கரைக்குக் கொண்டுபோய் விற்றாள்.

ஒரு காலை மியா சேன் படகுத்துறைக்கு வந்தாள். "அக்கா, நானும் அவங்கிட்ட ஊசி போட்டவதான். பயமா இருக்கு."

ஓன் யீ அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மியா சேன் முகத்தில் பழைய அருவருப்பு மாறவேயில்லை.

"ஏறு. பானை பக்கத்துலதான் எடம் இருக்கு."