மைன்ராட் வாய் திறக்காத ஞாயிறு

எங்கள் சுவிஸ் மலையூரில் மைன்ராட் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒருவன் ஆணி அடித்தால்கூட, "கர்த்தர் நாளில் வேலையா?" என்று கோயில் வாசலில் நிறுத்தி மானத்தை வாங்குவான்.

அப்படி ஒரு ஞாயிறு மத்தியானம் மாட்டுத் தரகன் காட்டோரம் கொலையாகிக் கிடந்தான். முந்தின நாள்தான் மைன்ராட் அவனோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டிருந்தான். ஜூரிக்கிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் மைன்ராடுக்கு விலங்கு மாட்டினார்.

"மத்தியானம் எங்கய்யா இருந்த?"

"சொல்ல மாட்டேன்."

"ஆயுசுக்கும் ஜெயில்ல கிடப்ப!"

"கிடக்குறேன்."

ஜீப்பில் ஏற்றும்போது பக்கத்து வீட்டு வெரேனா ஓடிவந்தாள். "ஐயா, அவன் கொல்லல! மழை வரப்போகுதுன்னு மத்தியானம் பூரா திருட்டுத்தனமா புல் அறுத்துக்கிட்டிருந்தான். நான் பார்த்தேன்."

ஊரே வாயைப் பிளந்தது. மைன்ராட் தலை தொங்கிப்போனது. நகரத்து மனுஷன் இன்ஸ்பெக்டருக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

வெரேனா இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனைத் திருகினாள். "நான் அப்போ கொல்லையில துணி காயப்போட்டுக்கிட்டிருந்தேன்."

மைன்ராட் விலங்கோடு துள்ளிக் குதித்தான்.

"ஞாயித்துக்கிழமையிலயா? ஐயா, அவளைப் பிடிங்க!"