டைகருக்குத் தோல் கசந்தது

நாய்க்குட்டியைப் பழக்க இப்போது யூடியூபில் ஆயிரம் பேர் வகுப்பெடுக்கிறார்கள். நான் நாலாவது படிக்கையில் எங்களுக்கு வாய்த்தவர் அப்பாவின் தம்பி ஒருவர்தான். சித்தப்பா நாய் வளர்த்ததே இல்லை என்பதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆம்பூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் தோல்ஷாப்புக்குப் போவார்கள், மீதிப் பேர் ஷூ கம்பெனிக்கு. அப்பா தோல்ஷாப்பில் தோலை ஊறவைத்துப் பதப்படுத்தும் வேலையில் இருந்தார். அம்மா கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்பாகத்தை, 'அப்பர்' என்போம், மூட்டையாக வாங்கிவந்து வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுப்பாள். அந்த வீட்டுக்குள்தான் அப்பா ஒருநாள் ஒரு குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். டைகர் என்று பெயர் வைத்தேன். கோழியைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஓடி ஒளியும் டைகர்.

பல் முளைக்கும் குட்டி சும்மா இருக்குமா? பாய், துடைப்பம், என் ஸ்கூல் பை, எதுவும் தப்பவில்லை. வேறு ஊராக இருந்தால் எலும்பு போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் மூலைக்கு மூலை கிடந்தது தோல் துண்டுதான். அப்பா அதில் ஒன்றை எடுத்துப் போட்டார். டைகர் உலகத்தையே மறந்து மென்றது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதி அம்மா கடைக்குப் போய்த் திரும்பும் வரைதான். தைத்து அடுக்கிவைத்திருந்த அப்பரில் ஒன்று டைகரின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. துண்டு எது, அப்பர் எது என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

"ஜோடியில ஒண்ணு போனா ரெண்டும் போச்சு! இனிமே கம்பெனியில எனக்கு வேல குடுப்பாங்களா? ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்பறம் இது இந்த வூட்ல இருக்கக் கூடாது" என்றாள் அம்மா.

நான் ஓவென்று அழுதேன். "குட்டிதானடி, பழகிக்கும்" என்று அப்பா எனக்காகப் பேசிப் பார்த்தார். அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"இதெல்லாம் இன்னா பெரிய விஷயம்? வேப்பெண்ண தடவு. தோலுன்னாலே ஓடிப் போயிடும்" என்றார் சித்தப்பா. அப்பரில் தடவினால் கறை பிடிக்கும் என்பதால் துண்டுகளில் தடவினோம். டைகர் ஆசையாகக் கவ்வியது, துப்பியது, மூக்கைத் தரையில் தேய்த்தது. கொஞ்ச நேரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு மறுபடியும் வந்தது. மறுபடியும் கசப்பு. தோலை முகர்ந்தாலே நான் "ஊஹூம்!" என்று அதட்ட வேண்டும், விலகிப் போனால் ஒரு துண்டு பொறை ரொட்டி கொடுக்க வேண்டும் என்பது சித்தப்பாவின் உத்தரவு. பாதிப் பொறையை அவரே தின்று தீர்த்தார். டைகர் என் மடியில் ஏறி முனகும். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பர்களைத் தரையில் பரப்பி, டைகரை அவிழ்த்துவிடச் சொன்னாள். நான் அவிழ்த்துவிட்டேன். டைகர் வந்தது, முகர்ந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரோரமாகவே சுற்றிப் போய் என் காலடியில் உட்கார்ந்தது.

"அட, பரவால்லியே!" என்று அம்மா சிரித்துவிட்டாள். டைகர் இனி எங்கள் வீட்டில்தான். சித்தப்பா சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைக்கு அப்பாவுக்கு ஓவர்டைம். சாயங்காலம் அவர் வாசலுக்கு வந்ததும், "அப்பா, டைகர் பாஸ் ஆயிட்டான்!" என்று கத்தினேன். அப்பா தோல்ஷாப் வாடை போகாத வேலை உடுப்போடு அப்படியே குனிந்து இரண்டு கையையும் நீட்டி, "வாடா ராசா" என்றார். டைகர் துள்ளிக்கொண்டு ஓடியது. கைக்கு அருகில் போய் முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரோரமாகச் சுற்றி என்னிடமே வந்துவிட்டது.

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். எவ்வளவு நன்றாகப் பழகிவிட்டது என்ற பெருமையில் அதற்கு ஒரு பொறையும் கொடுத்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் பண்றத இவனும் கத்துக்கினான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அப்பா சோப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நாய்க்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவே இல்லை.