வலிக்கு ஒரு வரி

போன மாதம் பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி போட்டிருந்தார்கள். சினிமாப் பாடல்களைப் பற்றி நான் எழுதிய புத்தகமும் ஒரு மூலையில் இருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு என்னையும் உட்கார வைத்திருந்தார்கள் — கையெழுத்துப் போட. இரண்டு மணி நேரத்தில் போட்டது மூன்று கையெழுத்து. அதில் ஒன்று கூரியர்காரர் நீட்டிய தாளில்.

நாலாவதாக வந்த பெண்மணி கையெழுத்துக் கேட்கவில்லை. ஐம்பது வயது இருக்கும். என் புத்தகத்தை ஏற்கெனவே கையில் வைத்திருந்தார். மூலை மடித்த ஒரு பக்கத்தைப் பிரித்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"இத எழுதினது நீங்கதானுங்களா?"

'அர்த்தமில்லாத பாட்டுகள்' என்ற கட்டுரை அது. சில வருடங்களுக்கு முன் பஸ்ஸிலும் டீக்கடையிலும் அலறிய ஒரு குத்துப்பாட்டை அதில் கிழித்துத் தொங்கவிட்டிருந்தேன். 'இதை மனப்பாடமாக வைத்திருப்பவர்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று முடித்திருந்தேன். எழுதியபோது எனக்கே ரொம்பப் பிடித்த வரி.

"நான்தாங்க."

"எங்க வூட்டுக்காரரு அந்தப் பாட்ட மனப்பாடமா வச்சிருக்காரு சார். அது ஒண்ணுதான் வச்சிருக்காரு. அனுதாபத்த நேர்ல வந்து சொல்லிட்டுப் போங்க."

கோபமா, கிண்டலா? முகத்தைப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. உட்காரச் சொன்னேன்.

அவர் பெயர் செல்வராணி. வேப்பந்தட்டைப் பக்கம் பருத்தியும் சின்ன வெங்காயமும் போடுகிற குடும்பம். கணவர் முருகேசன் ஒரு பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மூன்றாம் நாள் காலையில், திடீரென்று பாடினாராம். அந்தப் பாட்டை. முதல் வரியிலிருந்து கடைசி வரை, ஒரு சொல் பிசகாமல்!

"அவருக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டோ?"

"அட போங்க சார்! அவருக்கு ஆகவே ஆகாது. டிரைவருக்குத்தான் பிடிக்கும். ஒரு நாளைக்கு எட்டு தடவ போடுவாராம். இவரு வூட்டுக்கு வந்து எங்கிட்ட பொலம்புவாரு."

பேச்சு போன பிறகும் சிலருக்குப் பாட்டு மிஞ்சுமாம். திருச்சியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் சொல்லியிருக்கிறார். சரி, எத்தனையோ பாட்டு கேட்ட மனிதரிடம் பிடிக்காத ஒன்று மட்டும் ஏன் தங்கியது? செல்வராணிக்கும் அதே கேள்விதான். பாட்டைப் பற்றி எழுதியவரிடம் பதில் இருக்கும் என்று நம்பித்தான் புத்தகத்தையே வாங்கியிருக்கிறார். பிரித்துப் பார்த்தால்... அனுதாபம்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் ஊரான அரியலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

முருகேசன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். பிறகு, பாடினார். (அந்த வரியை இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்.) 'வாங்க' என்கிறார் என்று புரிந்தது.

செல்வராணி ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். வார்த்தை தனியாக வராவிட்டால் தெரிந்த மெட்டில் ஏற்றிப் பழக்கச் சொன்னாராம் பயிற்சி கொடுப்பவர். இவரிடம் இருப்பதோ ஒரே மெட்டு. அதற்கே வரிகள் எழுதியிருந்தார் செல்வராணி. சோறு போடு. ஃபேனப் போடு. டீயக் குடு. வாசல்ல உக்காரணும். முருகேசன் ஒவ்வொன்றாகப் பாடிக் காட்டினார். நான் வந்திருப்பது ஒரு பாட்டாசிரியர் வீட்டுக்கு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஒண்ணு மட்டும் உக்கார மாட்டேங்குது சார்" என்றார் செல்வராணி. குரல் இறங்கியிருந்தது.

சில வாரங்களுக்கு முன் ஒரு மத்தியானம் முருகேசன் விடாமல் பாடியிருக்கிறார். வேகமாக, திரும்பத் திரும்ப. காலேஜ் லீவில் வந்திருந்த மகள் சிரித்துக்கொண்டே செல்போனில் வீடியோ எடுத்திருக்கிறாள். பாதியில்தான் அப்பாவின் கண்ணில் தண்ணீர் வழிவது தெரிந்திருக்கிறது. எங்கோ வலி. வயிறா, தலையா, நெஞ்சா? பதற்றத்தில் அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறார்.

"அவரு வலியில கத்தியிருக்காரு. நாங்க கைதட்டினோம் சார்." நோட்டை என்னிடம் நீட்டினார். "அதுக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க."

எத்தனையோ பாட்டாசிரியர்களுக்கு மார்க் போட்டிருக்கிறேன். ஒரு வரி எழுதியதில்லை. நோட்டை வாங்கி, 'வேதனை வேதனை' என்று எழுதினேன். மெட்டில் அழகாக உட்கார்ந்தது.

செல்வராணி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அவரு வாயில இந்த வார்த்தை எந்தக் காலத்துல வந்துச்சு?"

'வலிக்குது'? அதை அவர் முன்பே முயன்று பார்த்துவிட்டார். மெட்டு இழுத்துத் தொடங்குகிறது, 'வ' குறில். முருகேசன் வாயைத் திறப்பதற்குள் அந்த இடம் தாண்டிவிடுகிறது. 'தாங்கல தாங்கல' என்றேன். நானே பாடியும் காட்டினேன். முருகேசன் முகத்தைச் சுளித்தார். அதற்கு அவருக்கு வார்த்தை தேவைப்படவில்லை! இப்படியே அரை மணி நேரம் போனது.

"பஸ்லேந்து எறங்கி வந்தா, கால நீட்டிக்கிட்டு என்ன சொல்வாரு..." என்று செல்வராணி தனக்குள் முணுமுணுத்தார். சட்டென்று நிமிர்ந்தார். "நோவுதும்பாரு சார்! வலிக்குதுன்னு அவரு எங்க சொன்னாரு? கால் நோவுது, இடுப்பு நோவுதுன்னுதான் சொல்வாரு!"

அவரே பாடினார். கணவரின் இடது கையைப் பிடித்துத் தாளம் தட்டினார். முதல் தடவை முருகேசனின் உதடு மட்டும் அசைந்தது. நாலாவது தடவை 'நோ' வந்தது. பிறகு முழுதாக...

"நோவுது... நோவுது..."

செல்வராணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. முருகேசன் நிறுத்தவில்லை. பாடிக்கொண்டே இடது கையை உருவி எடுத்து, அசைவில்லாத வலது தோளின் மேல் வைத்தார்.

"இந்தத் தோளா? இப்பவா நோவுது?"

தலையசைத்தார்.

"ஐயோ... இந்தக் கையப் புடிச்சுத்தானே தெனமும் உங்களத் தூக்கி உக்கார வைக்கிறேன்!"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முருகேசன் பாடுவதை நிறுத்தி, அவர் தலையில் கையை வைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாளே திருச்சிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அந்தக் கையைப் பிடித்து இழுத்ததில் தோள் மூட்டு இறங்கியிருந்ததாம். கையைத் தாங்க ஒரு பட்டி போட்டு, எப்படித் தூக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இப்போது வலி குறைந்திருக்கிறது.

பிடிக்காத பாட்டு ஏன் தங்கியது? எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு பாட்டுக்கு அர்த்தம் எப்போது வருகிறது? எழுதும்போதா, கேட்கும்போதா... ஒரு மனிதருக்கு அது இல்லாமல் முடியாது என்று ஆகும்போதா? முன்பெல்லாம் இதற்கு என்னிடம் பதினாறு பக்கத்தில் பதில் இருந்தது.

முந்தாநாள் செல்வராணி போன் செய்தார்.

"சார், அவரே ஒரு வரி கட்டிட்டாரு! நோட்டுல இல்லாதது."

"என்ன வரி?"

"வெங்காயக் கொல்லையில வேலைய முடிச்சுட்டு உள்ள வந்தேன். என்னைப் பாத்தாரு. 'நீ சாப்ட்டியா'ன்னு பாடுறாரு சார்."



"நீங்க என்ன சொன்னீங்க?"

"நானும் அதே மெட்டுல பாடிட்டேன். பக்கத்து வூட்டுல எட்டிப் பாத்துச் சிரிக்கிறாங்க... என்ன சார் பண்றது, அவரு பாட்டுல கேட்டா நான் பேச்சுலயா பதில் சொல்றது?"