என் மகளுக்குச் சாட்சி சொன்னவர்

அம்மனை நம்பி வாழும் எல்லாருக்கும் வணக்கம். நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் போன வருடம் ஆடி மாதத்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் மகள் தர்ஷினிக்கு ஐசி, அதாவது அடையாள அட்டை, இல்லை. அவள் நான் பெற்ற பிள்ளை இல்லை. பத்து காவான் என்ற ஊரின் தோட்டத்துக் கோயிலில், லெட்சுமி என்ற பெண் கைக்குழந்தையாக அவளை என் மடியில் வைத்தாள். தத்துப் பிள்ளையை, கொஞ்சம் தவிடு கொடுத்து, தவிட்டுக்கு வாங்குவதுதானே நம் வழக்கம். பதற்றத்தில் நான் தவிடு கொண்டுபோக மறந்துவிட்டேன், அங்கிருந்த யாரோ கொடுத்து உதவினார்கள். அம்மனே பார்த்துவிட்டாள், இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தோம். பிறப்பைக்கூட யாரும் பதியவில்லை. பிறகு தோட்டம் போய்த் தொழிற்சாலைகள் வந்தன. லெட்சுமி எங்கே போனாள் என்று தெரியவில்லை.

மகளுக்குப் பதினேழு வயதானது. ரோட்டில் போலீஸ் நின்றால், பினாங்கு முழுக்க அவளைத்தான் தேடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். ஐசி கேட்டுப் போன பதிவிலாகாவில், பெற்ற தாய் யார், சாட்சி யார் என்று கேட்டார்கள். அழுதுகொண்டே ஆயர் ஈத்தாம் அம்மன் கோயிலுக்குப் போனேன். "நீதானே பார்த்தாய், நீயே வந்து சொல்" என்று அம்மனிடம் கேட்டேன். எப்படி வருவாள் என்றும் யோசித்தேன். கனவிலா? பதிவிலாகா கவுண்டருக்கேவா?

அந்த வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்கினோம். ஐசி இல்லாத பிள்ளைகளுக்குக் குடியுரிமை கொடுக்கலாமா என்று பேச்சு வந்தது. கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த பாக்கியம் அக்கா, "எல்லாருக்கும் குடுத்தா கப்பல் கப்பலா வந்து நிப்பாங்க லா. யாரு எவருன்னு தெரியாம எப்படிக் குடுக்கறது?" என்றார்.

 என் பக்கத்தில் நறுக்கிக்கொண்டிருந்த தர்ஷினி, கத்தரிக்காயைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஆண்ட்டி, எனக்கும் ஐசி இல்ல. நான் எந்தக் கப்பல்ல வந்தேன்னு எனக்கும் தெரியணும்."

 அக்கா அவள் பக்கம் திரும்பி, "நீ எங்கம்மா பொறந்த?" என்றார்.

"பத்து காவான் தோட்டத்துல. அம்மா என்னைத் தவிட்டுக்கு வாங்கினாங்க."

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். "தவிடுகூடக் கொண்டாராம பிள்ள வாங்க வந்த ஆளு நீதானா? எங்க வீட்டுக் கோழிக்கு வச்சிருந்தத அள்ளிக் குடுத்தேனே. லெட்சுமி செபராங் ஜெயாவுலதான் இருக்கா."

அக்கா போய் அழைத்துவர, லெட்சுமியும் அக்காவும் எங்களோடு பதிவிலாகாவுக்கு வந்தார்கள். லெட்சுமியிடம் குடிமக்களுக்கான நீல ஐசி இருந்தது. பிள்ளை பிறந்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை, அதனால் பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான் என்றார்கள். தாய் அவள்தான் என்று உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையும் நடந்தது. மாதக்கணக்கில் காத்திருந்தோம்.

சாட்சி சொன்ன அன்று பதிவிலாகாவிலிருந்து வெளியே வரும்போது அக்கா சொன்னார்: "எல்லாருக்கும் குடுக்கணும்னு நான் இப்பவும் சொல்லல. இந்தப் பிள்ளைய எனக்குத் தெரியும்."

"மத்தவங்களத் தெரிஞ்ச ஆளும் எங்கயாவது இருப்பாங்க ஆண்ட்டி" என்றாள் மகள்.  பஸ் ஏறும்வரை அக்கா அவள் கையை விடவில்லை.

இப்போது ஐசி வந்துவிட்டது. அதை முதலில் அம்மன் காலடியில் வைத்தோம். எதிர்த்துப் பேசியவரையே அம்மன் ஏன் அனுப்பினாள் என்று இன்னும் யோசிக்கிறேன். உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் மறைக்காதீர்கள். அம்மனிடம் சொல்லுங்கள். பக்கத்தில் காய் நறுக்குகிறவரிடமும் சொல்லுங்கள்.