பட்டாசுப் பெட்டியில் ஒரு விமானம்

போன மாதம் சிவகாசி பக்கம் நாரணாபுரத்திலிருந்து மச்சான் போன் பண்ணினார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறார்.

"மாப்ளே, இந்த சீசனுக்குப் புது அயிட்டம் விடுறோம். பேரு ஏரோப்ளேன். பெட்டி லேபிளுக்குக் காத்தாடி வச்ச விமானம் ஒண்ணு வேணும். நெட்டுல எடுத்தா எவனாச்சும் கேஸ் போட்டுருவான். நீங்கதான் எம்புட்டுப் பெரிய கேமரா வச்சிருக்கீக!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடமாகப் படம் எடுக்கிறேன்... அச்சில் ஒன்றுகூட வந்ததில்லை. எங்கள் விருதுநகர் போட்டோ நண்பர்கள் குழுவில் என்னைத் தவிர எல்லோருக்கும் வந்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன் – லேபிளில் என் பெயர் வர வேண்டும்.

"அதுக்கென்ன, போட்டுருவோம்" என்றார்.

மச்சான் சொன்ன காத்தாடி, அதாவது புரொப்பெல்லர், வைத்த விமானத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. பறக்கிற பொருள்தானே என்று ஷட்டரை நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கு வைத்தால் படத்தில் விமானம் பளிச்சென்று விழும். கூடவே புரொப்பெல்லரும் அப்படியே உறைந்து நிற்கும். பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? இன்ஜின் ஆஃப்... ஆள் காலி! நூறில் ஒரு பங்குக்கு இறக்கினால்தான் அது சுழன்று வட்டமாகத் தெரியும். ஆனால் அப்போது கை லேசாக ஆடினாலும் விமானமே கலங்கிவிடும். விமானம் போகிற போக்கிலேயே கேமராவையும் சீராகத் திருப்ப வேண்டும்.

பயிற்சிக்காக சிவகாசி ரோட்டில் நின்று, போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் கேமராவால் சுட்டேன். அப்புறம் மதுரை விமான நிலையத்துக்கு வெளியே, ரோட்டோரம். முதலில் நானூறு மில்லிமீட்டர் லென்ஸ். அது விமானத்தை மட்டுமா பெரிதாக்கும்? என் கை நடுக்கத்தையும் சேர்த்துத்தான்! இருநூறுக்கு மாறி, இறங்குகிற பாதைக்குக் கொஞ்சம் பக்கமாக நகர்ந்தேன். வெயில் ஏறினால் கானல் அலையடித்துப் படம் நெளியும் என்பதால் தினமும் காலையிலேயே ஆஜர்.

கடைசியில் ஒன்று மாட்டியது. விமானம் துல்லியம், புரொப்பெல்லர் இரண்டும் அழகான வட்டம். ரோட்டோரம் நின்று விசிலடித்தேன்.

மச்சான் கேட்டார் என்று எல்லாப் படத்தையும் அனுப்பித் தொலைத்தேன், வட்டம் விழுந்த படத்தைத்தான் போட வேண்டும் என்ற குறிப்போடு. சோதனைக்காக இரண்டாயிரத்தில் எடுத்ததும் அதில் இருந்தது. அவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொன்ன படத்துல காத்தாடியவே காணோமே மாப்ளே! இதுலதான் ஒவ்வொரு றெக்கையும் தெளிவா இருக்கு."

"உங்க சங்குச்சக்கரப் பெட்டியில மட்டும் வட்டமாப் போட்டிருக்கீகளே மச்சான்?"

"அது நெருப்பு, வட்டமாத்தான் வரும். இது இரும்புல்ல? லேபிள்ல கலங்கலா ஏதாச்சும் இருந்தா, அச்சு சரியில்லைன்னு கடைக்காரன் லோடையே திருப்பி விட்டுருவான்."

எந்தக் கேமரா புத்தகத்திலும் இந்தச் சட்டம் இல்லை.

போன வாரம் லேபிள் வந்தது. உறைந்த புரொப்பெல்லர்... சரி, மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் சிவகாசியில் தீப்பொறி இல்லாத லேபிள் உண்டா? டிசைனர் தன் கடமையைச் செய்திருந்தார். வாலில் செக்கச்செவேலென்று தீ. இறக்கைகளில் பொறிமழை. ஆக, இன்ஜின் இரண்டும் நின்று, பின்னால் பற்றி எரிந்தபடி மதுரையில் இறங்கப் பார்க்கிறது என் விமானம்! அடியில் என் பெயர் – கொட்டை எழுத்தில்.

யாரோ அதை நண்பர்கள் குழுவில் போட்டுவிட்டார்கள். "உள்ளே இருந்தவர்கள் நலமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சிரிக்காதீர்கள்... எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

மச்சானுக்குப் போன் போட்டேன். "அடுத்த தடவை லேபிள் அடிக்கும்போது என் பேரை எடுத்துருங்க மச்சான்."

"எடுக்கவா? ஆர்டர் குவியுது மாப்ளே, எல்லாம் உங்க ராசி! உங்க போட்டோ ஒண்ணு அனுப்புங்க, அதையும் லேபிள்ல போட்டுருவோம். சுத்திப் பொறி வைக்கச் சொல்லிட்டேன்."