மீனு பார்க்க வந்த என்சைம்

கிழக்கேகோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் லலிதாவின் மகள் மீனுவுக்கு ஏழு வயது. புரதத்தைக் கையாளத் தேவையான ஒரு என்சைம் அவள் உடம்பில் பிறவியிலேயே வேலை செய்யவில்லை. பால், பருப்பு, பாயசம் எதுவும் கூடாது.

நான் வேலை செய்யும் ஆய்வகத்தில் அதே என்சைம் உண்டு. மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரித்தது, சோதனைகளுக்கு மட்டும்தான். ஒருநாள் பேச்சுவாக்கில் லலிதாவிடம் சொல்லிவிட்டேன். அவள் முகம் மாறியதைப் பார்த்ததும், வீண் ஆசை காட்டிவிட்டோமோ என்று பயந்துபோனேன்.

"அது மருந்து இல்லை லலிதா. கொழந்தைக்குக் குடுக்கவே முடியாது."

"குடுக்க வேண்டாம்க்கா. ஒரு தடவை காட்டினாப் போறும்."

அனுமதி வாங்கி இருவரையும் அழைத்துப் போனேன். விரல்நுனி அளவுக் குப்பியை எடுத்து ஐஸ் மேல் வைத்தேன். அடியில் ஒரே ஒரு துளி. லலிதா கைகூப்பிவிட்டாள். மீனு மூக்கு ஐஸில் படுகிற மாதிரி குனிந்து பார்த்தாள்.

"இதுதான் எங்கிட்ட இல்லாததா, ஆன்ட்டி?"

"ஆமாம்டா."

"இத்தனூண்டுக்கா அம்மா தெனமும் அழறா?"

லலிதா வாய்விட்டுச் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன். அத்தனை வருஷமும் அந்தத் துளியை நான் வெறும் எண்களாகவே பார்த்திருந்தேன்.

இப்போதும் படியில் என்னைக் கண்டால் மீனு விசாரிப்பாள்: "ஆன்ட்டி, அது சுகந்தானே?"

அவள் பார்த்த துளி சோதனைகளில் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆய்வகத்துக்குப் போய்ப் புதுக் குப்பியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான், மறுநாள் அவளிடம் "சுகம்" என்கிறேன்.